யாருக்கும் ஆகாத பாய்

பாயை விரித்துக் காட்டினால் ஜெயம் அதன்மேல் படுத்துப் பார்ப்பதில்லை. பையைத் திறந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்துப் பாயின் நடுவில் போடுகிறார். பிறகு ஒரு முனையை மெல்லத் தூக்குகிறார். ஓட்டோடு இருக்கும் அந்த நிலக்கடலைகள் உருளாமல் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டால் அவர் முகம் வாடிப்போகிறது.

"நிக்குது பாரு தம்பி. வேணாம், சுருட்டி வெச்சிடு."

திண்டிவனத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் திருமுருகனுக்கு ஒன்றும் புரியவில்லை. வழுக்காமல் நிற்பதுதானே யோகா பாய்க்கு அழகு? அதற்காகத்தானே கம்பெனிக்காரன் மேலெல்லாம் வரிவரியாகப் போட்டு அனுப்புகிறான்? அவர் பொறுமைசாலி. நாலு மில்லி, ஆறு மில்லி, எட்டு மில்லி கனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அழுத்திய பள்ளம் மெதுவாக மேலே எழும்பி வந்தால் நல்ல சரக்காம். ஜெயமும் குனியாமல் மண்டிபோட்டு அழுத்திப் பார்த்தார். பள்ளம் அழகாக எழும்பி வந்தது. வேண்டாமென்று தலையாட்டிவிட்டார்.

"இதுல ரெண்டு பேரு படுக்கலாமா தம்பி?"

"ஒருக்களிச்சிப் படுத்தா தாராளமா படுக்கலாம்மா."

"அப்ப இதுவும் வேணாம்."

திருமுருகன் என்னைப் பார்த்தார். துணைக்குப் போயிருந்த நான் சுவரில் தொங்கிய கிரிக்கெட் மட்டைகளைப் பார்த்தேன். எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அதைக் கடையில் நின்று சொல்ல முடியாது.

ஜெயத்துக்கு ஊர் கூட்டேரிப்பட்டு. நாற்பத்தெட்டு வயது, நாலடி பத்து அங்குலம். சொந்தமாக இரண்டேகால் காணி நிலம், இரண்டு கறவை மாடு, ஒரு கணவர். மூன்றையும் இருபத்தைந்து வருடமாகக் குனிந்தே பார்த்துக்கொண்டதில் முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கிவிட்டது. விழுப்புரத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆறு மாதக் கெடு கொடுத்தார். தினமும் அரைமணி நேரம் படுத்தபடி செய்யும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். வெறுந்தரை கூடாது, மெத்தையும் கூடாது. ஆறு மாதத்தில் சரியாகவில்லையென்றால் ஆபரேஷன், அதற்குப் பிறகு மூன்று மாதம் படுக்கை.

"மூணு மாசம் நான் படுத்துக்கினா மாட்ட யாரு பாப்பாங்க?" என்று ஜெயம் கேட்டாராம். டாக்டரிடம் அதற்கு மாத்திரை இல்லை.

அப்படித்தான் அவர் எங்கள் யோகா வகுப்புக்கு வந்து சேர்ந்தார். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், காலை பதினோரு மணிக்கு, முகூர்த்தம் இல்லாத நாட்களில் வகுப்பு நடக்கும். முகூர்த்த நாளில் எங்கள் முதுகுகளுக்கு விடுமுறை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் நான். குனிந்தே கெடுத்துக்கொண்டவர் ஜெயம். பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்ததும் சிநேகமாகிவிட்டோம். அவர் என்னை 'மேடம்' என்பார். வேண்டாமென்று பலமுறை சொல்லிவிட்டேன். "செரிங்க மேடம்" என்றார்.

வகுப்பெடுக்கும் அஸ்வினி விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும் பெண், இருபத்தாறு வயது. முதல் வாரமே சரியான பாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எங்களுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினாள். நம் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். வழுக்கக் கூடாது. முட்டி வலி உள்ளவர்களுக்குக் கனம் வேண்டும். நாற்றமடிக்கக் கூடாது. கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறமாக இருந்தால் மனம் ஒடுங்கும். நாங்கள் பதினாலு பேரும் பயபக்தியோடு கேட்டு அப்படியே வாங்கினோம். என் பாய் கடல் பச்சை. இன்றைக்கும் புதுக்கருக்குக் கலையாமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. பல்லி வந்தால் அடிக்க வசதியாக இருக்கிறது.

ஜெயமும் அஸ்வினி சொன்னபடிதான் வாங்கினார், ஒன்றல்ல, மூன்று.

முதல் பாயை ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் ஆன்லைனில் அனுப்பி வைத்தான். ஊதா நிறம், எட்டு மில்லி. வீட்டுக்கு வந்த அன்று ஜெயம் கூடத்தில் அதை விரித்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனார். திரும்பி வந்தால் அவர் கணவர் தாண்டவராயன் அதன்மேல் சம்மணம் போட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். சாப்பிட்டார், அங்கேயே சாய்ந்தார், எழுந்ததும் "சூப்பரா கீதுமே" என்று சான்றிதழும் கொடுத்தார். மறுநாள் பாய் மோட்டார் கொட்டகைக்குக் குடிபோயிற்று. மத்தியானத்தில் அவர் அங்கேதான் கண்ணயர்வார்.

இரண்டாவது, விழுப்புரத்தில் வாங்கிய பருத்திப் பாய். நல்ல நீளம். அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற புதுச்சேரிச் சொந்தங்கள் வழக்கம்போல வேனை கூட்டேரிப்பட்டில் நிறுத்தி, ஜெயம் வீட்டில் காப்பி குடித்தார்கள். ஊஞ்சல் உற்சவம் வரைக்கும் திடலில் உட்கார ஏதாவது வேண்டுமே? நாத்தனார் சித்ரா சுவரோரம் சுருட்டி வைத்திருந்ததைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். பாய் அங்காளம்மனைப் பார்த்தது, புதுச்சேரியையும் பார்த்தது, கூட்டேரிப்பட்டுக்குத் திரும்பவில்லை. "ஆத்தா கோயிலுக்குப் போன பாய எப்படிங்க திருப்பிக் கேக்கறது?" என்றார் ஜெயம்.

மூன்றாவது கறுப்பு ரப்பர். அதன்மேல் முதல் நான்கு நாள் விதை மல்லாட்டை காய்ந்தது. "வரி வரியா இருக்குது, காயி நகரல, இன்னா அருமையா காயுது பாரு" என்று தாண்டவராயன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். ஐந்தாம் நாள் கொழுந்தனார் வந்து டிராக்டர் சீட்டுக்கு அளவெடுத்து, அரிவாளால் பாதியை அறுத்துக்கொண்டு போனார்.

"டிராக்டருக்கு முதுகு வலிக்குதாங்க மேடம்" என்று ஜெயம் சிரிக்காமல் சொன்னார். ஆறு மாதத்தில் நாலு மாதம் போய்விட்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என் பாய், தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

ஜெயம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சொம்புல பேரு வெட்டலாம், குண்டான்ல வெட்டலாம். பாயில எங்கங்க வெட்டறது?"

நியாயம்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் தட்டுக்கு ஆள் உண்டு, டம்ளருக்கு ஆள் உண்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணைக்குக்கூட ஆள் உண்டு. பாய்க்கு மட்டும் கிடையாது. விரித்த பாயில் முதலில் உட்காருகிறவர்தான் அதற்குச் சொந்தக்காரர். வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் பாயைச் சுருட்டுகிறவள் நல்ல வீட்டுப் பெண்ணும் கிடையாது. தாண்டவராயன் ஒன்றும் பொல்லாதவர் அல்ல. மனைவிக்கு மாத்திரை தீர்ந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு விழுப்புரம்வரை போய் வாங்கி வருகிறவர். பாயைக் கண்டால் படுக்கிறவர், அவ்வளவுதான்.

ஒளித்து வைக்கலாமே என்றும் கேட்டேன். "பீரோ மேல வெச்சா எம்பி எடுக்கணும். கட்டிலடியில வெச்சா குனிஞ்சி எடுக்கணும். ரெண்டுமே டாக்டரு கூடாதுன்னுட்டாரு." எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். "எந்தப் பாயி யாருக்கும் ஆவாதோ, அதுதாங்க மேடம் எனக்கு ஆவும். அது எங்க விக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இப்படித்தான் நாங்கள் திருமுருகன் கடைக்கு வந்தோம். தேடியது கிடைத்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கெட்ட சரக்கு வேண்டுமென்று கேட்டால் எந்தக் கடைக்காரர்தான் எடுத்துக் காட்டுவார்? ஒன்பது பாய் விரித்தாயிற்று. ஒன்பதிலும் மல்லாட்டை நின்றது. பத்தாவதாக, பரணில் இருந்து எதையோ இழுக்கும்போது ஒரு சின்னச் சுருள் தவறிக் கீழே விழுந்தது.

"அது இன்னா தம்பி?"

"அது ஒண்ணும் இல்லம்மா. ஸ்கூல் பசங்களுக்கு யோகா டேக்கு எடுத்தது. ஒண்ணு மீந்துபோச்சி."

விரித்தார். ரோஜா நிறம். நாலடிக்கு ஒரு விரற்கடை குறையும். மூன்று மில்லிகூட இருக்காது. நடுவில் ஒரு யானை, வாலைக் கீழ் மூலைவரை நீட்டி, கண்ணை மூடித் தும்பிக்கையை உயர்த்தித் தியானத்தில் இருந்தது. மேல்பக்கம் மழமழவென்று எண்ணெய் தடவிய மாதிரி. ஜெயம் மல்லாட்டையைப் போட்டார். முனையைத் தூக்கக்கூட இல்லை, தொட்டார். அத்தனையும் உருண்டு கல்லாப்பெட்டிக்கு அடியில் ஓடின. முகர்ந்து பார்த்தார். ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். அந்த நாலு மாதத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இத கட்டு தம்பி."

திருமுருகனுக்கு மனசாட்சி உண்டு. "அம்மா, இதுல படுத்தா உங்க காலு வெளிய போயிடும்மா."

"போவட்டும். எனக்கு முதுகுதான் வலிக்குது, காலு வலிக்கல."

"நின்னா வழுக்கும்மா. விழுந்துட்டா என் கடைக்கு இல்ல கெட்ட பேரு?"

"நிக்கறதுக்குப் பாயி எதுக்கு? வயல்ல நாளெல்லாம் நின்னுக்கினுதான இருக்கேன். ஜல்தியா கட்டு, பஸ்ஸு போயிடும்."

அவர் என்னிடம் முறையிட்டார்: "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம்." நான் எடுத்துச் சொல்லவில்லை. கல்லாவுக்கு அடியில் கிடந்த மல்லாட்டையைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் அந்த யானையைப் பார்த்த அஸ்வினிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆன்ட்டி, நான் சொன்னது ஒண்ணுகூட இதுல இல்லையே" என்றாள். "ஆமாம்மா, ஒண்ணுகூட இல்ல" என்று ஜெயம் பெருமையோடு ஒப்புக்கொண்டார். அன்றைக்குத் தவறான பாயை எப்படி அடையாளம் காண்பது என்று மறுபடி ஒரு பாடம் நடந்தது. ஜெயத்தின் பாய்தான் எடுத்துக்காட்டு. அவர் அதன்மேல் படுத்தபடியே, ஒவ்வொரு குறைக்கும் 'உம்' கொட்டினார்.

பிறகு வரிசையாகச் செய்திகள் வந்தன. முதல் நாளே தாண்டவராயன் படுத்துப் பார்த்தாராம். தலையை வைத்தால் இடுப்புக்குக் கீழே தரை, இடுப்பை வைத்தால் தலை தரையில். அதிலும் அந்த யானையும் ரோஜா நிறமும்! மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊரில் மானம் போய்விடுமென்று விட்டுவிட்டார். கொழுந்தனார் விரலால் தடவிப் பார்த்து, "இது சைக்கிள் சீட்டுக்குக்கூட ஆவாது" என்றாராம். அமாவாசை வந்தது, வேனும் வந்தது. சித்ரா சுருளைப் பிரித்து மோந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், வைத்த இடத்திலேயே வைத்தார். "காசு குடுத்தா இத வாங்கின?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஆமா அண்ணி, ஏமாந்துட்டேன்னு சொன்னேங்க மேடம்" என்றார் ஜெயம். அப்போது அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் எந்தத் தியான வகுப்பிலும் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து அஸ்வினி, வீட்டிலும் தினமும் செய்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள். நல்ல பாய் வைத்திருந்த பதினாலு பேரும் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தோம். ஒரே ஒரு கை உயர்ந்தது. முன்பெல்லாம் பஸ் கம்பியைப் பிடிக்கத் தூக்கினாலே 'அம்மா' என்று முனகுகிற அந்தக் கை, இப்போது சத்தமில்லாமல் மேலே போனது. பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

போன வாரம் புது மல்லாட்டை வாங்க கூட்டேரிப்பட்டு போயிருந்தேன். டாக்டர் கொடுத்த கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள். பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று மணி வெயிலில் நடந்து போனதில் எனக்குக் கால் கழன்றுவிடும்போல இருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாண்டவராயன் மரியாதையாக எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க மேடம். உள்ளதான் படுத்துக்கினு மூச்சு உட்டுக்கினு இருக்குது. நேரமானா அதுதான் வேல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க கூட இருந்துமா மேடம், அது அப்படிப் போயி ஒரு பாய வாங்கியாந்துச்சி? ஒரு மனுசன் உக்கார முடியுதா அதுல? நாலும் தெரிஞ்சவங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா?"

"தப்புதாங்க. கவனிக்காம விட்டுட்டேன்" என்று பழியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கூடத்தின் நடுவில் ரோஜா நிறத்தில் அந்தக் கைக்குட்டையளவு பாய். ஜெயம் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார். முட்டியை மடக்கிப் பாதங்களைப் பாயின் விளிம்புக்குள் வைத்திருந்ததால் ஆள் முழுதாக அடங்கியிருந்தார். வயிறு மெல்ல ஏறி இறங்கியது. நான் வந்த சத்தத்தில் அவர் இமை ஒருமுறை அசைந்தது, திறக்கவில்லை. காலடிப் பக்கத்து மூலையில் ஒரு சாண் பாய் காலியாகக் கிடந்தது, யானையின் வால் தெரிய. வெயிலில் நடந்து வந்தவள் பாயைக் கண்டால் என்ன செய்வாள்? நான் ஒன்றும் யோசிக்கவே இல்லை. "அப்பாடா" என்று புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்த மூலையில் உட்காரக் குனிந்தேன்.

ஜெயம் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சின் கணக்கும் தப்பவில்லை. வலது பாதத்தை மட்டும் மெல்ல நகர்த்தி, யானையின் வால்மேல் வைத்தார்.