நான் துடைத்த கறை

1. "இது யாரு?"

பிரேம் போட்ட படத்தைக் கையில் வாங்கியதும் ராஜேஸ்வரி அக்கா கேட்டார்: "இது யாரு தங்கச்சி?"

"உங்கம்மாதான் அக்கா. நீங்க குடுத்த படம்தான்."

"இல்ல புள்ள. இது யாரோ பெரிய வீட்டு அம்மா."

முன்னால் இருந்த ஸ்டூடியோ முதலாளி சிரித்தார். "எங்க மேடம் கை வச்சா அப்படித்தான். கெழவியும் கொமரியாயிடும்!"

அக்கா சிரிக்கவில்லை. வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் நான்கு வருடம் கழித்துத் திரும்பியவர். இடையில் அம்மா இறந்துவிட்டார். கடைசியாக முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய ஒரு சின்னப் படம்தான் வீட்டில் இருந்தது. அதைப் பெரிதாக்கி, வெள்ளிக்கிழமை திவசத்துக்கு வைக்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தார்.

2. செய்த வேலை

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நோர்வூட்டில், இந்த ஸ்டூடியோவின் பின்னறையில் ஆறு வருடமாகப் பழைய படங்களைத் திருத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் வேலை சுத்தமாக இருக்கும் என்ற பெருமை எனக்கு உண்டு. திரைக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பாடு. ஒரு நாளில் நான் பார்க்கும் முகங்களில் பாதி இறந்தவர்களுடையவை. பேச ஆளில்லாததால் அவர்களுடைய மூக்கும் காதும் எனக்கு நன்றாகப் பழகிவிடும்.

அக்கா கொடுத்த படத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஸ்கேன் செய்தபிறகு, சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஈரப் பஞ்சால் துடைத்தேன். தலைப்பகுதி பஞ்சோடு உரிந்து வந்துவிட்டது. ஸ்கேன் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்; அக்காவிடம் சொல்லவும் இல்லை. திரையில், நெற்றிக்கு மேலே முடியில் குறுக்காக ஒரு வெளுத்த கோடு தெரிந்தது. படம் மடிந்த தடம் என்று நினைத்து, பக்கத்து முடியைக் குளோன் பண்ணி, அந்த நகலை மேலே ஒட்டி மூடினேன். அதே பெயரில் சேவ் பண்ணினேன். திருத்தாத ஸ்கேன் அதோடு போயிற்று.

"கூடைக் கயிறு அழுத்துன பள்ளம் எங்க புள்ள?" என்று அக்கா கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. காலமெல்லாம் கொழுந்துக் கூடை தலையில் இழுத்த தடத்தை நான் கறை என்று துடைத்திருந்தேன்.

3. மூன்றாவது பிரிண்ட்

"ஒரு கோடு இழுத்துக் குடுத்துடு" என்றார் முதலாளி. இழுத்தேன். சீப்பு வைத்து எடுத்த வகிடு மாதிரி இருந்தது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அக்கா, பழைய படமும் கெட்டுப்போச்சு. ஸ்கேனும் இல்ல. என் தப்புதான்."

அக்கா படத்தை மேசையில் வைத்தார். "படிச்ச புள்ளன்னு நம்பித்தானே குடுத்தேன்" என்றார். பிறகு ஸ்டூலை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தார்.

"வெளிநாடு போறதுக்கு முந்தி நானும் மலையில கொழுந்து எடுத்தவதான். இந்தா, என் தலையப் பாத்து எடு. அம்மாவுக்கு இன்னும் ஆழம்."

நெற்றிக்கு மேலே குறுக்காக முடி மெலிந்து, விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அதைப் படம் எடுத்துப் பொருத்தினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னுங் கொஞ்சம் கீழ. ஆங். வலப்பக்கம் ஆழமா."

நடுவில் கேட்டார்: "ஒங்கம்மாவும் கொழுந்துக்குத்தானே போறாங்க?"

"ஆமாக்கா."

"அவங்களுக்கு எந்தப் பக்கம் ஆழம்?"

எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கத்தை இன்னும் ஆழமாக்கினேன்.

மூன்றாவது பிரிண்டைப் பிரேமில் போட்டுக் கொடுத்ததும், அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "வந்துட்டியாம்மா" என்றார் படத்திடம். படத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளே, ஸ்கேனுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய படத்தில் ஈரம் படவிடாதீர்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் இப்போது படம் கொண்டுவருபவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். நேரம் போகிறது என்று முதலாளி முணுமுணுப்பார். ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டிக் கேட்கிறேன்: "இது கறையா, இல்ல அவங்களா?"