கூடச் சேர்ந்து சுருங்கிய கண்

எல்லைப் பிரிப்பில் வரதய்யபாளையம் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று தினமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது என் வலது கண் மங்கியது. முதலில் அச்சு மையைத் திட்டினேன்.

வெளிச்சத்தில் கண்மணி சுருங்கினால் கண் நரம்புக்குக் கேடில்லை என்று எங்கோ படித்திருந்தேன். கண்ணாடி முன் விளக்கைப் பிடித்தேன். இரண்டு கண்மணிகளும் சுருங்கின.

“கண்ணாடியையே பாத்துக்கினு இருக்கியே, டாக்டரைப் பாருய்யா!” என்றாள் மனைவி.

“நானே பாத்துட்டேன்,” என்றேன்.

மாதங்கள் கழித்து, திருப்பதி டாக்டர் வலது கண்ணில் மட்டும் டார்ச் அடித்தார். இரண்டும் அசையவில்லை. இடது கண்ணில் அடித்ததும் இரண்டும் சுருங்கின. கண்ணாடி முன் விளக்குப் பிடித்துப் பார்த்ததைச் சொன்னேன்.

“நல்ல கண்ணுல வெளிச்சம் பட்டா கெட்டதும் கூடச் சேர்ந்து சுருங்கும் சார். இத நம்பியா உக்காந்துகினு இருந்தீங்க? வலது நரம்பு போச்சு. இடதுலயும் ஆரம்பிச்சிருக்கு.”

இப்போது தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பேப்பரைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே பாருங்கள். இன்று காலை என் இடது கண்ணுக்குத் தலைப்பு மட்டும் தெரிந்தது.