லுக் கொடுக்க நின்றவன்

மேல்பட்டாம்பாக்கத்தை விட்டு வெகுதூரம் நடந்துவிட்டிருந்தேன். அங்கே நான் வேலை பார்த்த செங்கல் சூளையில் மழைத் தண்ணீர் நின்றதால் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதிலிருந்து என் வேலைகள் பலவும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. வழியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் இறக்கிவிட்டார்.

டீக்கடை வாசலில் ஓர் இளைஞர் பைக்கில் பெரிய தெர்மோகோல் அட்டையைக் கட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டு நாள் வேலை இருக்கு, வர்றீங்களா? இதப் புடிச்சுகினு நிக்கணும். சாப்பாடு உண்டு."

"இதப் புடிக்க ஒரு ஆளா?"

"வெளிச்சம் முகத்துல அடிக்கணும்ணே. காத்துல ஆடக் கூடாது."

அவர் பெயர் சேவியர். பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நண்பர்களோடு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை சின்னது. பஸ் ஸ்டாப்பில் ஒருவனும் ஒருத்தியும் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள், பேசுவதில்லை. கான்ட்ராக்ட் வேலை முடிந்து அவன் ஊரை விட்டுப் போகிறான். அப்போதும் பேசுவதில்லை.

கதாநாயகியாக நடித்தவள் மலர். மந்தாரக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். சேவியரோடு சர்ச்சில் பாடுவாள் என்பதால் நடிக்கப் பிடித்து வந்திருந்தார்கள். முதல் நாள் முழுக்க அவள் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தேன். அட்டையைச் சற்றுச் சாய்த்தால் முகம் மங்கும். நிமிர்த்தினால் கன்னமெல்லாம் தெளியும். அதுவரை கல்லையும் மூட்டையையும் பார்த்து வேலை செய்தவன் நான். ஒரு முகத்தைப் பார்ப்பதே வேலையாக இருந்தது அன்றுதான்.

மதியம் புளிசாதப் பொட்டலத்தை நீட்டினாள். "அட்டையக் கொஞ்சம் கீழ வச்சிட்டு சாப்புடுங்க. அது ஒண்ணும் ஓடிடாது."

சிரித்தேன். அட்டையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், கதாநாயகனாக நடித்தவருக்கு மைன்ஸில் செகண்ட் ஷிப்ட். மதியமே கிளம்பிவிட்டார். மலரின் குளோசப் மட்டும் பாக்கி. அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட வேண்டும். இந்த மாதிரி நேரத்தில், எதிரில் இருக்க வேண்டியவர் இல்லையென்றால் கேமராவுக்குப் பக்கத்தில் வேறோர் ஆளை நிற்க வைப்பார்கள். நடிப்பவர் அந்த ஆளின் கண்ணைப் பார்த்து நடிப்பார். அதற்கு லுக் கொடுப்பது என்று பெயர்.

"அட்டையும் நீங்கதாண்ணே, லுக்கும் நீங்கதான்" என்றார் சேவியர். "ஆக்‌ஷன்!"

மலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். என்னோடு அட்டையும் குனிந்தது. அவள் முகம் இருட்டிவிட்டது.

"கட்! அண்ணே, வெக்கப்பட வேண்டியது அவங்க. நீங்க ஏன் வெக்கப்படுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த டேக்கிலும் இதே கதைதான்.

"என்னையப் பார்த்தா பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

"அப்ப பாருங்க. வெயிலு போய்க்கினு இருக்குது."

பார்த்தேன். அவள் உதடு பிரிந்தது. என்னவோ கேட்கப் போகிறவள் போல இருந்து, மூடிக்கொண்டது. கை என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். அதனால்தானோ என்னவோ அட்டை அசையவில்லை. சேவியர் கட் சொன்ன பிறகும் அவள் பார்வை உடனே விலகவில்லை.

அது நடிப்பின் மிச்சமா, எனக்கா? அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் மனம் கிடந்து தவித்தது.

சாமான் கட்டும்போது பக்கத்தில் வந்தாள். "நாளைக்கு எங்கங்க வேலை?"

"தெரியலீங்க. சேலம் பக்கம் போலாம்னு இருக்கேன்."

"இங்கயும் வேலை இருக்குதுங்க."

"ம்" என்றேன்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது என்னோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இங்கேயும் வேலை இருக்கிறது என்று ஒருவர் உங்களிடம் வந்து நின்று சொன்னால், அவர் பேசுவது வேலையைப் பற்றி அல்ல. அதற்கு "ம்" போதாது.

படம் யூடியூபில் இருக்கிறது. அவள் பார்வைக்கு அடுத்த ஷாட்டில் கதாநாயகன் சிரிக்கிறார். அது முந்தின நாள் வேறு எதற்கோ எடுத்த சிரிப்பு. கமெண்டில் ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் நிறுத்தி, அவளை மட்டும் பார்ப்பேன்.

அவள் பஸ் ஏறிப் போன மறுநாள் காலை நான் சேலம் பஸ்ஸுக்குத்தான் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. டீக்கடையில், நிலக்கரிச் சாம்பலில் செங்கல் அறுக்கும் யூனிட்டின் மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ரெண்டு நாள்ல ஓடிடுவியா, இருப்பியா?"

"இருப்பேங்க" என்றேன்.

அவர் டீக்குக் காசு கொடுக்கத் திரும்பினார். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னேன். பிறகு அவர் பைக்கில் ஏறிப் போய், அன்றைக்கே கலவை அள்ள ஆரம்பித்தேன்.