விக்கிரமங்கலத்துக் காய்ச்சல்

பெரம்பலூரில் உடல்நலக் குறிப்புகள் வெளியிடும் ஒரு சிறிய இணையதளத்தில் பரிமளா வேலை பார்த்தாள். எந்த ஊர்க்காரர்கள் எந்த நோயைப் பற்றித் தேடுகிறார்கள் என்று கவனிப்பது அவள் பொறுப்பு. ஐப்பசி மழை விட்டதும் விக்கிரமங்கலம் பக்கமிருந்து டெங்கு பற்றிய தேடல்கள் மளமளவென்று ஏறின. 'பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டும் வாந்தி நிக்கல, என்ன செய்ய?' என்று அந்த ஊர்த் தாய் ஒருத்தி தளத்திலேயே கேட்டிருந்தாள்.

பரிமளா ஓடிப்போய் முதலாளி அன்பழகனிடம் காட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பரும்மா! நம்ம பப்பாளி இலை டானிக் விளம்பரத்த அந்த ஊருக்குப் போட்டு வுடு. பயந்து கெடக்குறவன்தான் வெல கேக்காம வாங்குவான்."

பரிமளா போனைக் கையில் எடுத்தாள். "சார், மொதல்ல சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிடலாங்க."

"சொன்னா மருந்தடிச்சுக் காய்ச்சல நிறுத்திருவாங்க. அப்புறம் நம்மள யாரு பாக்குறது?"

பரிமளா அந்தத் தாய்க்கு, 'உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க' என்று பதில் எழுதினாள். முதலாளி எதிரிலேயே ஆய்வாளருக்குப் போன் செய்து ஊர்ப்பெயரைச் சொன்னாள். அன்றே வேலை போனது.

ஊரில் புகைமருந்து அடித்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டதென்று ஆய்வாளர் சொன்னார். ஆனாலும் அந்த ஆபீஸ் தெருவில் போகும்போதெல்லாம் பரிமளாவுக்குக் காறித் துப்பத்தான் தோன்றும்.