கழுவாத வெள்ளிக்கிழமை

எண்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். கிள்ளானில் ஆசிரியை வேலை எனக்கு. தினமும் எங்கள் பழைய காரில் போய் வருவேன். அது திடீரென்று வழியில் கொதிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. எங்கே ஒழுகுகிறது என்று எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை.

"வித்திடலாம்லா," என்றார் கணவர். விற்றுவிட்டால் நான் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும்.

யோசித்தேன். மெக்கானிக்குகள் பார்த்ததெல்லாம் ஓட்டிக்கொண்டு போன சூட்டோடு. ஆறிய எஞ்சினை யாரும் பார்க்கவில்லை. வீட்டிலோ, விடிந்ததும் கணவர் காரைக் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார். ஈரத் தரையில் ஒழுகல் எப்படித் தெரியும்?

வியாழன் மாலை காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்தேன். "நாளைக்கு மட்டும் கழுவாதீங்க."

"வெள்ளிக்கிழமை கழுவாம எப்படி?"

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

காலையில் பேப்பர் ஓர் இடத்தில் நனைந்திருந்தது. நேர் மேலே, ரேடியேட்டர் ரப்பர் குழாயின் முனையில் ஒரு துளி தொங்கியது. குழாயை இறுக்கும் வளையம் தளர்ந்திருந்தது. சூட்டில் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும், ஆறினால் கசியும். நானே ஸ்க்ரூடிரைவரால் முடுக்கி, தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். கிள்ளான் வரை சூடு காட்டும் முள் ஏறவே இல்லை.

கார் பழுது ஆண்கள் சமாச்சாரம் என்று அதுவரை நானும்தான் நம்பியிருந்தேன். கணவர் இன்றும் தினமும் கழுவுகிறார். ஆனால் வாளியைத் தூக்குவதற்கு முன் வாசலிலிருந்து ஒரு குரல் கொடுப்பார்:

"அடியில பார்த்துட்டியா? கழுவலாமா?"