ரேடியோ அக்கா வாய் மூடும் அறை

வாசலிலேயே பாதிப் பேச்சை விட்டுவிட்டு அக்கா முகமூடியை இழுத்து மாட்டிக்கொள்கிறார். நாத்தனார் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியில் எத்தனை குட்டி போட்டது என்பதை இனி மத்தியானம்தான் சொல்வார். பரிசோதனைக் கூடம் முழுக்க அவருக்கு 'ரேடியோ' என்றுதான் பெயர். அந்த ரேடியோ, மெழுகுக் கட்டி சீவும் அறைக்குள் மட்டும் மூச்சு விடாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே அக்கா வாயை மூடினால்தான் பிறத்தியார் பிழைப்பார்கள். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள்; அக்கா அதை மெல்லிசாகச் சீவித் தருகிறார். அதில் எந்த மரபணு ஓடியாடி வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று பார்த்தால், புற்றுநோய் பாயுமா, படுத்தே கிடக்குமா என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். மரபணு வேலை செய்த அந்தத் தடயத்தைத் துளி எச்சிலோ விரல் வியர்வையோ தின்று தீர்த்துவிடும். அதனால் கட்டிக்குக் கட்டி புதுக் கத்தி, புதுக் கையுறை. காதைச் சொறிந்தாலும் கையுறை குப்பைக்குத்தான்.

போன மாதம் ஒரு லாரி ஓட்டுநரின் மெழுகுக் கட்டி வந்தது. அறுவை செய்வதா, கவனித்து வந்தால் போதுமா என்று இந்தச் சோதனைதான் சொல்ல வேண்டும். முதல் தடவை வேறொருவர் சீவியதில் தடயம் சிதைந்து, முடிவே வரவில்லை. மிச்சமிருந்தது இமை மயிர் அளவு சதை. சோதனையைப் பார்க்கும் இளம் டாக்டரம்மா அக்காவைத் தேடி வந்தார். இருவரும் அறைக்கு வெளியே நின்று பேசினார்கள்.

"மேல ரெண்டு சீவலத் தூக்கிப் போட்டுடலாம் டாக்டரம்மா. காத்து பட்டுக் கெட்டது அதுதான்."

"இருக்கறதே இத்தனூண்டு, அக்கா. அதுலயும் போட்டுட்டா?"

"தோல உரிக்காம பழத்தத் திங்க முடியுமா?"

இரண்டு சீவல் குப்பைக்குப் போயிற்று. அடுத்த ஆறு சீவல்கள் சோதனைக் குழாய்க்குள் விழுந்தன. அதோடு சதை தீர்ந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த அக்கா அப்படியே மூடிவிட்டார்.

இன்று காலை வேறொரு கட்டியைச் சீவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா ஓடிவந்து கண்ணாடிக்கு வெளியே ஒரு தாளைப் பதித்துப் பிடித்தார். லாரி ஓட்டுநரின் சோதனை முடிவு. படுத்தே கிடக்கும் வகைதான்; இப்போதைக்குக் கத்தி வேண்டாம்.

அக்காவுக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. சீவும் எந்திரத்தை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, குஸ்தியில் ஜெயித்தவர்போலத் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இரண்டு கையுறையையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, புது ஜோடிக்குக் கை நீட்டினார்.