கேட்காமல் போட்ட படம்

சின்னவளின் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. இடது கை அப்பாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தது. வலது கை உப்புநீரில் நனைத்த துணியால் முதுகின் அடிப்பக்கத்துப் புண்ணைத் துடைத்தது. உள்ளங்கை அகலப் புண். ஓரம் கறுத்திருந்தது.

பஸ் கண்டக்டராக இருந்தவர். படியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகும், காலையில் சட்டை போட்டு எல்லாப் பொத்தானும் மாட்டினால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

"வலிக்குதாப்பா?"

"வலிச்சாத்தான் நல்லா இருக்குமே, டாக்டரம்மா."

அவள் டாக்டர் இல்லை. நர்சிங் கடைசி வருஷம். படுக்கைப்புண்ணை வீட்டிலேயே கவனிப்பது பற்றி ஆய்வு; அதற்காக அவள் போய்ப் பார்த்த சில வீடுகளோடு தன் வீட்டையும் சேர்த்திருந்தாள். அதையொட்டி வலைப்பதிவும் எழுத வேண்டும். எழுதினாள், ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வைக் கவனிக்கும் மேடம் போனில் சொன்னார்: "பரீட்சைப் பேப்பர் மாதிரி எழுதாதே. ஒரு பதிவுக்கு ஒரே விஷயம். முதல் வரியிலேயே ஒரு ஆள் வரணும். படிச்சு முடிச்சதும் வீட்டுல என்ன செய்யணும்னு தெரியணும். நிஜமான படம் போடு."

புண் ஆறுகிறதா என்று பார்க்க வாராவாரம் அவள் எடுத்து வைத்த படங்கள் போனில் இருந்தன. 'என் அப்பாவால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது' என்று தொடங்கினாள். எப்படித் திருப்புவது, தலையணையை எங்கே வைப்பது என்று எழுதி, ஒரு படத்தையும் போட்டாள். நல்ல பதிவுதான். பலருக்கு உதவியது. கை மாறிக் கை மாறி ஓடியது. கடைசியில் அத்தையிடமும் போய் நின்றது.

"என்ன அண்ணா, உன் பின்பக்கம் ஊர்வலம் போகுது! நான் வாங்கிக் கொடுத்த பூப்போட்ட விரிப்புதானே அது?" என்று போனில் சிரித்தாள்.

அவர் மகளின் போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் அவள் மருந்துத் தட்டோடு வந்தபோது, "தொடாதே" என்றார்.

"முகம் தெரியலையேப்பா..."

"ஊரான் வீட்டுல எல்லாம் கையெழுத்து வாங்கிட்டுத்தானே படம் எடுத்தே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. நம் அப்பாதானே என்று இருந்துவிட்டாள். பதிவை அழித்தாள். பிறர் எடுத்து வைத்துக்கொண்ட படத்தை என்ன செய்வது?

அதன்பின் அம்மாதான் திருப்பினாள். ஒற்றை ஆளால் அவரைத் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் உரியும். இது சின்னவளுக்குத் தெரியும். சொன்னாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க ரோஷம் அடங்குற வரைக்கும் புண்ணு காத்திருக்குமா?" என்று அம்மா கத்தினாள்.

"அழுகட்டும்."

அறையில் வாடை கூடியது. ஒருநாள் சாயங்காலம் அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

மறுநாள் காலை சின்னவள் தனக்குத் தெரிந்த ஆண் நர்ஸ் ஒருவரை வரவழைத்தாள். அவரிடம் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. தட்டை வாசலில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்றாள்.

நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "எலும்பு தெரியுதும்மா. வீட்டுல வச்சுப் பார்க்க முடியாது."

ஆம்புலன்ஸை அழைத்தாள். அது வருவதற்குள், ஆய்விலிருந்து தன் வீட்டை நீக்கிவிடும்படி மேடத்துக்குச் செய்தி அனுப்பினாள். வண்டி வந்ததும் அம்மா அப்பாவோடு பின்னால் ஏறினாள். சின்னவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள்.